இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன

ஜூன் 9

என் பல்லுக்காரருக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் ஒரு கேள்வி. நேற்று மாலை நான் போன் செய்தபோது சுண்டெலிக்கு என்ன ஆயிற்று?

நீங்கள் போனை அவளிடம் கொடுத்தது எனக்குக் கேட்டது. "இந்தா, அம்மா" என்றீர்கள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. "என்னடி செல்லம், சாப்பிட்டியா?" என்றேன். அவ்வளவுதான். போன் தரையில் விழுந்த சத்தம், பிறகு ஓடுகிற சத்தம். நீங்கள் வந்து, "கை தவறிப்போச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். கை தவறினால் போன் விழும், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை ஏன் ஓடுகிறாள்?

போனில் உங்களுக்கு "ம்", "சரி", "பார்க்கலாம்" தவிர வேறு வார்த்தை வராது. பேனாவைக் கொடுத்து உட்கார வைத்தால் மட்டும் மனிதரைப் போலப் பேசுவீர்கள். கல்யாணத்துக்கு முன்பே நான் கண்டுபிடித்தது இது. அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

இங்கே நிலைமை மோசம். அந்தக் குடியிருப்புக் கட்டடம் இடிந்ததிலிருந்து வானொலி நிலையத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை. நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லாத எங்கேயோ ஓர் ஊர். ஆனால் மணிக்கு ஒரு முறை அதைத்தான் வாசிக்கிறேன். வெளியே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த தாள் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அதே தாள்தான். ஓர் எண் மட்டும் மாறியிருக்கும். எந்த எண் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னது நடக்காது போலிருக்கிறது. சுண்டெலியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். விடுதி அறையில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். அந்தச் சுவரோடு நல்ல பழக்கமாகிவிட்டது. அதுவும் உங்களைப் போலத்தான், பதில் பேசாது.

உடனே எழுதுங்கள்.

உங்கள்
வாசிப்புக்காரி


ஜூன் 12

வாசிப்பாளர் அம்மையாருக்கு,

கை தவறவில்லை. பொய் சொன்னேன். பக்கத்தில் அவள் இருக்கும்போது வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

உனக்கே தெரியும், நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து சாயங்காலச் செய்தியோடுதான் நாங்கள் சாப்பிடுகிறோம். வேலை மேசைக்கு மேலே இருக்கிற பலகையில்தான் ரேடியோ. தட்டை வைத்ததும், "அம்மா பேசறா பாரு, சாப்பிடு" என்பேன். நீ வணக்கம் சொன்னால் அவளும் "வணக்கம்மா" என்பாள். நடுவில் நீ விலைவாசியைச் சொல்வாய், யாரோ ராஜினாமா செய்வார், எங்கேயோ மழை பெய்யும். அவளுக்கு எதுவும் ஏறாது. அம்மா பேசுகிறாள், அவ்வளவு போதும். எனக்கும் ஒரு வாய் ஊட்டுகிற வேலை மிச்சம்.

கட்டடம் விழுந்த அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. எனக்கு அவசர வேலை. மூன்று பல் மருத்துவர்கள் பல்செட் செய்ய ஒரே நேரத்தில் அச்சு அனுப்பியிருந்தார்கள். அவள் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று காலையிலேயே ரேடியோவைப் போட்டுவிட்டேன். நீ முதல் தடவை சொன்னபோது, "கட்டடம்னா நம்ம வீடு மாதிரியாப்பா?" என்று கேட்டாள். கையில் உருகின மெழுகு. பல்லை நேராக நிறுத்த வேண்டிய நேரம். "ம்" என்றேன். அடுத்த செய்தியில் நீ மறுபடி சொன்னாய். "இன்னொண்ணும் விழுந்துடுச்சா?" என்றாள். அதற்கும் "ம்" என்றேன்.

அன்று முழுக்க நான் எத்தனை "ம்" சொன்னேனோ தெரியாது. சாயங்காலம் பார்த்தால், கீழ்க்கடையிலிருந்து பொறுக்கி வைத்திருக்கிற சோடா மூடிகளைச் சுவரோரமாக வரிசையாக அடுக்கியிருந்தாள். என்னடா அழகாக விளையாடுகிறாளே என்று நினைத்தேன். ஒவ்வொரு மூடியும் ஒரு கட்டடமாம். நீ சொல்லச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறாள். வரிசை கதவு வரைக்கும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து செருப்பைக் காலோடு போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். படுப்பதும் கட்டிலில் இல்லை, என் வேலை மேசைக்கு அடியில். குளியலறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. நேற்று முடி சீவும்போது தானாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா சொன்னா நடக்கும்லப்பா?"

"என்ன நடக்கும்?"

"ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னா வருவா. சிவப்புப் பென்சில் வாங்கிட்டு வரேன்னா வாங்கிட்டு வருவா. கட்டடம் விழுந்துதுன்னு சொன்னா..."

முடிக்கவில்லை. நானும் இந்தத் தடவை "ம்" சொல்லவில்லை. சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அம்மா நம்ம வீட்டைச் சொல்லிட்டான்னா?"

போனை ஏன் போட்டுவிட்டு ஓடினாள் என்று இப்போது புரிகிறதா? நீ அடுத்து என்ன சொல்லப் போகிறாயோ என்று ஓடினாள்.

கோபப்படுவாய். படு.

பல்லுக்காரன்


ஜூன் 15

பல்லுக்காரருக்கு,

பட்டேன்.

உங்கள் கடிதத்தை நிலையத்தின் படிக்கட்டில் நின்று படித்தேன். ஒரு பிள்ளை தன் தாயின் வாயைப் பார்த்துப் பயப்படுகிறது. அதற்குக் காரணமானவர் மூன்றாவது பத்தியில் தனக்கு அவசர வேலை இருந்ததாக எழுதுகிறார். வாசித்து வாசித்துத் தொண்டை கட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் போன் போட்டுக் கத்தியிருப்பேன். நான் சொல்வதால் எதுவும் விழவில்லை. விழுந்ததால் சொல்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவர் மெழுகைப் பிடித்துக்கொண்டு "ம்" என்றிருக்கிறார்.

இதற்கு மேலும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். நான் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நீங்கள் பதிலுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதற்கு நன்றி.

சுண்டெலிக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் குரலில் படித்துக் காட்டுங்கள்.

வாசிப்புக்காரி

(சுண்டெலிக்கு)

அன்புள்ள சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. இடிந்து விழுந்தது ஒரே ஒரு கட்டடம் மட்டுமே. அது நம் ஊரிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. கட்டடத்தின் அடித்தளம் பலவீனமாக இருந்ததே காரணம் என்று பொறியாளர்கள் தெரிவித்துள்ளனர். மீட்புப் பணிகள் இரவு பகலாக நடைபெற்று வருகின்றன. எனவே நீ அச்சப்படத் தேவையில்லை. அப்பா சொல்வதைக் கேட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, கட்டிலில் படுத்துத் தூங்கவும்.

முத்தங்களுடன்
அம்மா


ஜூன் 19

வாசிப்பாளர் அம்மையாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மீட்புப் பணிகள்" வரைக்கும்தான் போக முடிந்தது. "அப்பா, இது ரேடியோ" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். நான் படித்தாலும் அவளுக்கு உன் குரல்தான் கேட்டது போலிருக்கிறது. எனக்கே கடைசியில் வணக்கம் சொல்ல வாய் வந்தது. சிரித்துவிட்டேன். பிறகு தனியாக இன்னொரு முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. நீ அதை எழுதிய அறையில் பேச்சுத் துணைக்குச் சுவர்தான் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். வகுப்பில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் இதே மாதிரி இருக்கிறார்களாம். டீச்சர் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னையும் சின்ன நாற்காலியில் உட்கார வைத்தார். முழங்கால் காது வரைக்கும் வந்துவிட்டது.

"நீங்க விளக்கம் சொல்றதுக்கு முன்னாடி அவளைக் கேளுங்க சார். அவ மனசுல என்ன படம் ஓடுதுன்னு தெரியாம நீங்க வேற படத்துக்கு வசனம் பேசிட்டிருக்கீங்க" என்றார். ரேடியோவை அணைக்கச் சொன்னார். பொய் சொல்ல வேண்டாம், நீளமாகவும் சொல்ல வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். அவள் விளையாடுவதைத் தடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதைச் சொன்ன நேரம் நல்ல நேரம். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் திரும்புவதற்குள் விளையாட்டு ஆரம்பித்திருந்தது.

உடைந்த பிளாஸ்டர் அச்சுகளைப் போட்டு வைக்கிற வாளி இருக்கிறதே, அதை அறை நடுவில் கவிழ்த்திருந்தாள். பார்க்க அசல் இடிபாடு மாதிரியே இருந்தது. அதற்கு அடியில் நான் பாலிஷ் போட்டு வைத்திருந்த பல்செட் எல்லாவற்றையும் புதைத்துவிட்டாள். என் சின்னத் தூரிகையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். "பயப்படாதீங்க, வந்துட்டோம்" என்று பல்லிடம் சொல்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஓய்வு பெற்ற தபால்காரர் தன் பல்லை வாங்க வந்துவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் நிமிர்ந்து, "தாத்தா, உங்களோடது இன்னும் உள்ளதான் இருக்கு. எடுத்துட்டிருக்கோம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மெதுவா எடும்மா. இத்தனை நாளும் பல்லில்லாமத்தானே சிரிச்சேன்" என்றார். மேல்வரிசை முதலில் கிடைத்தது. கீழ்வரிசைக்காக இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். பொறாமையாக இருந்தது எனக்கு. பெற்றவனுக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது?

அன்று சாயங்காலம் டீச்சர் சொன்னபடி கேட்டேன். "எத்தனை கட்டடம் விழுந்துச்சுன்னு நீ நினைக்கிறே?" மூடி வரிசையைக் காட்டினாள். "இல்லடா, ஒண்ணே ஒண்ணுதான். நான் கவனிக்காம உனக்குத் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். யோசித்தாள். ஒரு மூடியைக்கூட எடுக்கவில்லை.

"நீ சொல்றே. அம்மா சொல்லலையே."

இதுதான் சிக்கல். நீ சொன்னால்தான் நம்புவாள். உன் குரலைக் கேட்டால் ஓடுகிறாள்.

ரேடியோ அணைத்தபடி இருக்கிறது. அவளுக்காகத்தான் அதைப் போடுகிறேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கரண்டி படுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

பல்லுக்காரன்


ஜூன் 22

என் பல்லுக்காரருக்கு,

கடைசி வரிகளை நீங்கள்தான் எழுதினீர்களா என்று கையெழுத்தைச் சரிபார்த்தேன்.

நேற்று நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கப் போனேன். கடைக்காரருக்கு என் முகம் தெரியாது. "ஒரு டீ, சக்கரை கம்மியா" என்றேன். அவர் கையிலிருந்த கிளாஸ் நின்றுவிட்டது. "நீங்களாம்மா அது? தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குரலைக் கேட்டாலே இப்பல்லாம் இன்னும் எத்தனை பேரோன்னு தோணுது" என்றார். காசு வாங்கவில்லை. இலவசமாக டீ கிடைத்தும் குடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு விடுதியில் யாரிடமும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கூஜாவைக் காட்டினேன்.

செய்தி ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிற மனிதர்.

"சார், அதே செய்தியை மறுபடி வாசிக்கும்போது 'கட்டடம் விழுந்தது'ன்னு மட்டுந்தான் வருது. 'முன்பே தெரிவித்தபடி'ன்னு ஒரு வார்த்தை போடலாமா? எப்போ நடந்ததுன்னும் சொல்லலாமா?"

"காலையில கேக்காதவன் மத்தியானம் கேப்பாம்மா. அவனுக்கு அது புதுசு."

"காலையிலயே கேட்டவங்க?"

"அவங்க ரேடியோவை அணைச்சுக்கணும்."

"அணைக்கக் கை எட்டாதவங்களும் இருக்காங்க சார்."

என்னைப் பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தாளை வாங்கி, பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த செய்தியில் "இரண்டு வாரங்களுக்கு முன் இடிந்து விழுந்த அதே கட்டடத்தில்" என்று வாசித்தேன். வாசித்த பிறகுதான் நினைவு வந்தது, நம் வீட்டில் ரேடியோ அணைந்திருக்கிறது.

நான் ஒன்று கேட்கலாமா? வேலையை விட்டுவிடட்டுமா? நம் ஊர் நிலையத்தில் செய்திப் பிரிவை மூடாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அங்கேயே வேறு பிரிவுக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்த மனு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நீங்கள் வா என்றால் வந்துவிடுகிறேன். யோசித்து எழுதுங்கள். இதற்கு மட்டும் "ம்" வேண்டாம்.

சனிக்கிழமை எப்படியாவது வருகிறேன். ஆனால் பேச மாட்டேன். அவளாகக் கேட்கிற வரைக்கும் வாய் திறக்கப் போவதில்லை. நீங்கள் பாட்டுக்கு என்னைப் பேச்சுக்கு இழுக்காதீர்கள். உங்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது பேசாமலிருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள்
வாசிப்புக்காரி


ஜூன் 30

என் பல்லுக்காரருக்கு,

நீங்கள் பல்செட் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் நடந்ததை, பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதிதான் சொன்னேன். முழுவதையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை நான் உள்ளே வந்ததும் அவள் எங்கே இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். மேசைக்கு அடியில், செருப்புக் காலோடு. என் வாயையே பார்த்தாள். நான் உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நீங்கள் "பஸ் கூட்டமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டீர்களே, அப்போது அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. நீங்கள் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலையில் நீங்கள் போன பிறகு அவள் வாளியைக் கவிழ்த்தாள். எனக்கு ஒரு தூரிகை கொடுத்தாள். "நீ அந்தப் பக்கம். கல்லைத் தூக்கிப் போடக்கூடாது. ஒண்ணொண்ணா" என்றாள். தலையாட்டினேன். மெதுவாக எடுத்தோம். ஒரு கடைவாய்ப் பல் மட்டும் தனியாகக் கிடந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்து ஊதிச் சுத்தம் செய்தாள். நான் அழவில்லை. பிளாஸ்டர் தூசி.

எல்லாப் பல்லையும் எடுத்தபிறகு மூடி வரிசைக்குப் போனாள். முதல் மூடியைத் தொட்டாள்.

"இது?"

வாய் திறக்கலாமா என்று கையால் கேட்டேன். திறக்கலாம் என்று அவளும் கையாலேயே சொன்னாள்.

"அது விழுந்துச்சு."

அவள் ஓடவில்லை. இரண்டாவதைத் தொட்டாள். "இது?"

"அதே கட்டடம்தான். நான் மறுபடி சொன்னேன்."

"இது?"

"அதேதான்."

அதே என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். கதவு வரைக்கும் தவழ்ந்தே போனோம். கடைசியில் முதல் மூடி மட்டும் சுவரோரம் நின்றது. அதற்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அதுல இருந்தவங்க?"

டீச்சர் பொய் வேண்டாம் என்றாரே. "கொஞ்சம் பேரை வெளியில எடுத்துட்டாங்க. கொஞ்சம் பேர் செத்துப் போயிட்டாங்க" என்றேன்.

"நீ சொன்னதாலயா?"

"இல்லடா. விழுந்தப்புறம்தான் எனக்கே தெரியும். யாராவது எழுதிக் குடுப்பாங்க. நான் சொல்லுவேன்."

"நம்ம வீடு?"

"அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். தூண்லயும் சுவர்லயும் ஒரு விரிசல் கிடையாது. கீழ்க்கடைக்காரர்கிட்டயும் கேட்டோம்." உண்மையில் நாம் இரண்டு பேரும் சனிக்கிழமை பார்த்தோம் அல்லவா, அதனால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. விழவே விழாது என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

"ஒண்ணுதான் விழுந்துதுன்னா ஏன் திரும்பத் திரும்பச் சொன்னே?"

"கேக்காதவங்களுக்காக."

"நான்தான் மொதத் தடவையே கேட்டேனே."

இத்தனை வருஷம் வாசிக்கிறேன். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஆமாடா, நீ கேட்டுட்டே" என்று மட்டும் சொன்னேன். அவள் அந்த ஒற்றை மூடியை எடுத்து என் கைப்பையில் போட்டாள். "இது உன்னோடது. நீ வச்சுக்கோ" என்றாள். செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வந்து, என் மடியில் படுத்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே, "ஆனா ரேடியோ வேணாம்" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

பஸ்ஸில் முழுக்க யாரோடும் பேசவில்லை. மூடி மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தம் வரும் என்று ஒலிப்பதிவுக்காரர் எடுக்கச் சொன்னார். கைக்குட்டையை மடித்து அதன் மேல் வைத்திருக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. நேரிலும் சொல்லவில்லை.

உங்கள்
வாசிப்புக்காரி


ஜூலை 5

என் வாசிப்பாளருக்கு,

அம்மையாரை எடுத்துவிட்டேன், கவனித்தாயா?

நீ போன பிறகு கட்டிலில்தான் படுக்கிறாள். செருப்பு கதவோரமே இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறாள். பார்க்கட்டும். நானும்தான் இப்போதெல்லாம் மாடி ஏறும்போது தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

நேற்றுச் சாப்பிடும்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்ப முடிப்பா?"

"என்னத்தை?"

"செய்தியை."

கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். "முடிக்கிறப்ப மட்டும் போடறியா?" என்றாள்.

முதல் தடவை கணக்குத் தப்பிவிட்டது. சீக்கிரமாகப் போட்டுவிட்டேன். உன் குரலில் "படகு கவிழ்ந்து" என்று பாதி வந்ததும் அணைத்தேன். அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "படகா?" என்றாள். "ம்" என்று வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமா, ஒரே ஒரு படகு. தூரத்துல. ஆளுங்க எடுக்கப் போயிருக்காங்க" என்றேன். மெழுகு, அடுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் மென்றாள். "சரி, இப்பப் போடு" என்றாள்.

போட்டேன். "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. வணக்கம்" என்றாய்.

"வணக்கம்மா" என்றாள். என் பக்கம் திரும்பி, "முடிஞ்சிடுச்சுன்னு அம்மாவே சொல்லிட்டா" என்றாள். தட்டைக் காலி செய்தாள்.

இது சரியா தப்பா என்று டீச்சரைத்தான் கேட்க வேண்டும். நீ முடிந்ததென்று சொன்னால் எல்லாம் முடிந்துவிட்டதா என்ன? ஆனால் அன்றைக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதானே. அதில் பொய் ஒன்றுமில்லை என்று எனக்குப் படுகிறது. இன்றைக்கும் அதே மாதிரி போட்டோம். இனி தினமும் போடுவோம் போலிருக்கிறது.

இப்போது நீ கேட்டது. "வா" என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ வந்துவிடுவாய், அது தெரியும். அதனால்தான் எழுதவில்லை. நீ இங்கே வந்து, செய்தி நேரம் ஆகும்போது கைவேலையை நிறுத்திவிட்டு ரேடியோப் பலகையைப் பார்ப்பதை நான் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அதே சமயம், வராதே என்றும் எழுத முடியவில்லை. கட்டிலின் உன் பக்கத்தில் இப்போது மெழுகுக் கட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். இடம் சும்மா கிடந்தால் கண்ணை உறுத்துகிறது.

இது பதில் இல்லை என்பாய். பேனா கொடுத்தும் இவ்வளவுதான் வருகிறது. பொறுத்துக்கொள்.

உன்
பல்லுக்காரன்


ஜூலை 10

என் பல்லுக்காரருக்கும் சுண்டெலிக்கும்,

இடமாற்ற மனு திரும்பி வந்துவிட்டது. இந்த ஆண்டு பரிசீலிக்க இயலாதாம். தட்டச்சில் அழகாக இருந்தது. வாசிக்கச் சொன்னால் தடுமாறாமல் வாசித்திருப்பேன்.

அதனால் இப்போதைக்கு நான் இங்கேயும் நீங்கள் அங்கேயும்தான். வேலையை விடுவதைப் பற்றி நானும் இனிக் கேட்கவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை எழுதியதாகவே வைத்துக்கொண்டேன். மெழுகுக் கட்டிகளை அங்கேயே வையுங்கள். மாதத்தில் ஒரு நாள், நான் வரும்போது எடுத்தால் போதும்.

இன்றைய தாள்களைப் பார்த்தேன். நல்லதாக ஒன்றும் இல்லை. முடியும் நேரத்துக்கு முன்னால் தயவு செய்து ரேடியோவைப் போட்டுவிடாதீர்கள். நான் சரியான நேரத்துக்கு முடிக்கிறேன். ஒலிப்பதிவுக்காரர் கடிகாரத்தைக் காட்டிக் கண்ணை உருட்டினாலும், கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். நீங்கள் பலகைக்குக் கை நீட்டி, குமிழைத் திருப்புவதற்கு அந்த நேரம் போதும்.

சுண்டெலி, நீ சொல்கிற வணக்கம் எனக்கு இங்கே கேட்காது. சொன்னாய் என்று வைத்துக்கொண்டுதான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வருகிறேன்.

மற்றதெல்லாம் யாரோ எழுதிக் கொடுப்பது. அந்தக் கடைசி வரியை மட்டும் நான் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை.

அம்மா